அவசரமில்லம்மா, மெதுவாச் சொல்லு

பூங்கோதையின் குரலை நான் குறுக்குவிசாரணை செய்துகொண்டிருந்தபோது, பூங்கோதை எனக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள்தான் என் கட்சிக்காரர். கூண்டில் ஆள் யாரும் இல்லை. கைப்பிடிக் கட்டையின் மேல் சோப்பு டப்பா அளவுக்கு ஓர் ஒலிபெருக்கி மட்டும் இருந்தது.

"சாட்சிக்கு நாற்காலி வேணுங்களா?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நாச்சிமுத்து கேட்டார். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதிரி சொன்னாலும் நல்ல நகைச்சுவைக்குச் சிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பயந்துவிட்டோம் என்று நினைப்பார்கள்.

கோயம்புத்தூர் நீதிமன்றத்தில் முதியோர் இல்ல வழக்கென்றால் ஹெப்சிபா என்று என் பெயரைத்தான் சொல்வார்கள். வேறு வழக்கை நான் எடுப்பதில்லை. என்னிடம் வரும் பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்டால், அம்மாவை ஏன் இல்லத்தில் விட்டோம் என்று முதலில் சொல்வார்கள். மாடிப்படி, வேலை, மருமகளின் இடுப்புவலி. நான் அதைக் கேட்டிருக்கவே மாட்டேன்.

பூங்கோதை அப்படி எதுவும் சொல்லவில்லை. வந்ததும் மேசைமேல் ஒரு படத்தை வைத்தாள்.

"எலும்பு தெரியுது பாருங்க மேடம்."

படுக்கைப்புண். இடுப்புக்குக் கீழே, ஒரு கை நுழையும் அளவுக்கு. அவள் அம்மா ராமாத்தாளுக்கு எழுபத்தெட்டு வயது. பக்கவாதத்தில் வலதுபக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் உடைந்துவிட்டது. மாலைச்சோலை என்ற இல்லத்தில் விட்டிருந்தார்கள். திருப்பிப் போட ஆள் வரவில்லை. நனைந்த துணியை மாற்றவில்லை. கட்டிலோடு பழைய சேலையால் கட்டிப் போட்டிருந்தார்கள். காய்ச்சல் தலைக்கேறிய பிறகுதான் மகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"சாயிபாபா காலனி."

"இல்லம்?"

"தடாகம் ரோடு."

எழுதுவதை நிறுத்தினேன். ஆஸ்திரேலியா, கனடா என்று எதையோ எதிர்பார்த்திருந்தேன்.

"அரைமணி நேரத்துல போயிரலாம், எனக்கே தெரியுங்க," என்றாள். "அங்க மாலை அழைப்புன்னு ஒரு வசதி இருந்துச்சு மேடம். சாயங்காலம் ஆனா அம்மா தலைமாட்டுல ஃபோன் அடிக்கும். என் குரல்ல பேசும். சாப்டியா, தூங்கினியா, எல்லாங் கேக்கும். நம்ம குரலைக் கொஞ்சம் பதிஞ்சு குடுத்தாப் போதும், மிச்சத்தை அதுவே பாத்துக்கும்."

"அம்மாவுக்கு அது கருவின்னு தெரியுமா?"

"சொல்ல வேண்டாம்னாங்க. சொன்னா மனசு ஒடைஞ்சிருமாம்."

"நீங்க போய்ப் பாக்கவே இல்லையா?"

"தெனமும் பேசிட்டிருக்கேனேன்னு தோணிரும் மேடம்." சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். "அதாவது, அது பேசிட்டிருக்குதேன்னு."

வழக்கு சுலபமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். புண்ணுக்குப் படம் இருந்தது, மருத்துவர் இருந்தார். அம்மாவின் வாக்குமூலம் மட்டும் வேண்டும். நீதிமன்றம் அனுப்பிய கமிஷனர் மருத்துவமனைக்குப் போய், படுக்கைக்குப் பக்கத்தில் குனிந்து, "இல்லத்துல ஏதாச்சும் கொறை உண்டுங்களா?" என்று கேட்டார்.

"ஒரு கொறையும் இல்லீங்க," என்றார் ராமாத்தாள்.

திக்காமல், தெளிவாக, உரக்கச் சொன்னார். ஒரு சொல்லை முடிக்க நெற்றி நரம்பு புடைக்கிற மனுஷி அதை மட்டும் மணி அடித்ததுபோலச் சொன்னார்.

வெளியே வந்ததும் பூங்கோதை சுவரில் சாய்ந்துகொண்டாள். "பக்கவாதத்துல பேச்சுப் போனவங்களுக்குப் பழகின வார்த்தை மட்டும் தங்கிரும் மேடம். யோசிக்காம வர்றது. சாமி பேரு, கெட்ட வார்த்தை, பாட்டு. அம்மா முப்பது வருஷம் மில்லுல நூல் ஓட்டினாங்க. சூப்பர்வைசர் வந்து என்னம்மா கொறைன்னு கேட்டா சொல்ற பதில் அது. வேற பதில் சொன்னா அடுத்த நாள் வேலை இருக்காது."

அவளுக்கு இது தெரிந்திருந்தது. பேச்சுப் பயிற்சி தருவதுதான் அவள் தொழில். திக்குகிற குழந்தைகளை எங்கெங்கிருந்தோ அவளிடம் கூட்டிவருவார்கள்.

அடுத்த அமர்வில் நாச்சிமுத்து குண்டைப் போட்டார்.

"இல்லம் காதை மூடிக்கல யுவர் ஆனர். ராமாத்தாள் அம்மா வலியைச் சொன்னாங்க. தெனமும் சொன்னாங்க. யார்கிட்ட? பெத்த மககிட்ட. குரல் முகவர் சட்டம் வந்து எத்தனையோ வருஷமாச்சு. உங்க குரல் பேங்க்ல பணத்தை அனுப்புன்னா, அது நீங்க சொன்னது. அப்ப உங்க குரல்கிட்ட ஒருத்தர் வலிக்குதுன்னா, அது உங்ககிட்டச் சொன்னது. குரலைக் குடுத்தவங்க காதையும் குடுத்தவங்கதான். மக கேட்டாங்க, சும்மா இருந்தாங்க. இப்ப எங்க மேல வழக்குப் போட்டிருக்காங்க."

பதிவை ஓடவிட்டார். ராமாத்தாளின் குரல் வந்தது. கல்லைப் புரட்டுவதுபோல ஒவ்வோர் எழுத்தாக வந்தது.

"மு... மு... முதுவு... பு... புண்ணு..."

"அவசரமில்லம்மா, மெதுவாச் சொல்லு. நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

"சே... சேலையில... க... கட்டிப்... போட்..."

"கட்டிப் போட்டாங்களா? கஷ்டமா இருந்திருக்கும். அப்புறம்?"

அந்த 'அப்புறம்' என்ற சொல்லில்தான் நான் பேனாவை மூடி வைத்தேன். அதில் அத்தனை கனிவு இருந்தது. கனிவுக்குப் பின்னால் யாரும் இல்லை. கூடத்தில் இருந்தவர்கள் பூங்கோதையைத் திரும்பிப் பார்த்தார்கள். நிருபர் ஒருவன் அவள் முகத்தைப் படமெடுத்தான்.

இடைவேளையில் அவளை மரத்தடிக்கு அழைத்துப் போனேன். அவள் அழவில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் குரல் எங்கிருந்து வந்துச்சு தெரியுங்களா? அம்மாகிட்டப் பேசினதைப் பதிஞ்சு குடுங்கன்னு கேட்டாங்க. அதுக்கு அம்மாகிட்டப் பேசணும். ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் அம்மா ஒரு வார்த்தை சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கு எந்திரிச்சு ஓடிறலாம்னு இருக்கும். முடிக்கவே விடமாட்டேன், நானே சொல்லிருவேன். தண்ணியா, ஃபேனா, பாத்ரூமான்னு. கிளினிக்ல குழந்தைங்களோட பேசினது நெறையப் பதிஞ்சு வெச்சிருந்தேன். அதை எடுத்துக் குடுத்துட்டேன்."

"அப்ப அந்தப் பொறுமை..."

"என்னோடதுதாங்க. காசு குடுக்கற குழந்தைங்களுக்கு."

எனக்குள் ஏதோ சொடுக்கியது. சந்தோஷம் என்று எழுதினால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். ஆனால் அது சந்தோஷம்தான். எதிரில் ஒருத்தி நொறுங்கிக்கொண்டிருந்தாள், நான் அந்த நொறுங்கலுக்குள் என் வழக்கைக் கண்டுபிடித்தேன்.

"பூங்கோதை, உங்க அம்மா அந்தப் பொறுமையை உங்ககிட்டப் பாத்திருக்காங்களா, எப்பவாச்சும்?"

"இல்ல."

"அப்ப அது நீங்க இல்லைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். மகள்னு நெனச்சு வலியைச் சொல்லியிருந்தா, கேட்டது நீங்க. இல்லத்தோட கருவின்னு தெரிஞ்சே சொல்லியிருந்தா, கேட்டது இல்லம். வழக்கே இதுல திரும்பிரும். அந்தக் குரலை நான் கூண்டுல வெச்சுக் கேக்கறேன். ஆனா அது என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாது. எதைச் சொன்னாலும் எல்லார் முன்னாடியும் உங்க குரல்லயே சொல்லும்."

ஒரு காக்கை வேப்பங்குச்சியைக் கீழே போட்டது. அவள் அதையே பார்த்தாள்.

"கேளுங்க. நான் ஜெயிக்கணும் மேடம். பெத்தவளை அழுக விட்டவன்னு பேப்பர்ல வந்தா, எந்த அம்மா என்கிட்டக் குழந்தையைக் கூட்டிட்டு வருவா?"

அப்படித்தான் சோப்பு டப்பா கூண்டுக்கு வந்தது.

"ராமாத்தாள் அம்மா உங்களை யாருன்னு நெனச்சுப் பேசினாங்க?" என்று கேட்டேன்.

"மொதல்ல கொஞ்ச நாள் மகள்னு நெனச்சாங்க," என்றது குரல்.

"அப்புறம்?"

"அப்புறம் நெனைக்கலீங்க."

நாச்சிமுத்து எழுந்தார். "யுவர் ஆனர், டப்பாவுக்கு மனசைப் படிக்கற வித்தை எப்ப வந்துச்சு?"

"படிக்கலீங்க சார். அவங்களே சொன்னாங்க," என்றது குரல், திக்குகிற குழந்தையிடம் சொல்வதுபோல. இந்தமுறை சிரிப்பு நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பியது.

"அவங்க சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்க," என்றேன்.

"அவங்க சொல்லி முடிக்க ரொம்ப நேரமாச்சு. திக்கினதை விட்டுட்டுச் சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க," என்றார் நீதிபதி, ஆளிடம் பேசுவதுபோல.

"'நீ எம் மக இல்ல. எம் மக சின்னதுல திக்குவா. அங்க மில்லுல சங்கு ஊதிரும், இங்க இவ வாயில வார்த்தை வராது. தொடையில கிள்ளுவேன், சீக்கிரம் சொல்லித் தொலையின்னு. இப்ப நான் திக்கறேன். அவ எதுக்குப் பொறுத்துக்கோணும்? நீ பொறுத்துக்கற. அப்ப நீ அவ இல்ல. யாரா இருந்தா என்ன, இருந்து கேளு கண்ணு.' இதுதாங்க அவங்க சொன்னது."

நான் பூங்கோதையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க முடியாது.

"அந்த அம்மா சொன்ன வலியை நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லீங்க. கேக்கறது மட்டுந்தான் எனக்குக் குடுத்த வேலை."

"குடுத்தது யாரு?"

"இல்லம்."

தீர்ப்பில் ஒரு வரி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. 'கேட்ட காது யாருடையதோ, பொறுப்பும் அவருடையது.' மாலைச்சோலையின் உரிமம் ரத்தாயிற்று. இழப்பீடு கிடைத்தது. மனுவில் கடைசியாகப் பூங்கோதை பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்ன கோரிக்கையையும் நீதிபதி ஏற்றுக்கொண்டார். அந்தக் குரல் சுவடில்லாமல் அழிக்கப்பட வேண்டும்.

இல்லம் உயர்நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனது. இந்தத் தீர்ப்பு நிலைத்தால்தான் என்னிடம் காத்திருந்த மற்றக் குடும்பங்களுக்கும் வழி. அவர்களுடைய அப்பா அம்மாக்களும் இதே மாதிரிக் குரல்களிடம்தான் வலியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

பூங்கோதை அம்மாவை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். "இனி வேற எடத்துல எப்படி மேடம் விடறது? ஊரே பாக்குது," என்றாள். கிளினிக்குக்கு வருகிற தாய்மார்கள் இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்களாம். பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடியிருந்தது.

ஒருமுறை ராமாத்தாளைப் பார்க்கப் போனேன். அறை சுத்தமாக இருந்தது. காற்று மெத்தை, டெட்டால் வாசனை, தலைமாட்டில் ஃபோன். புண் ஆறிவருவதாகச் செவிலிப் பெண் எழுதிவைத்திருந்தாள். சேலை விலகியிருந்த தொடையில் சில நீலத் தடங்கள் இருந்தன. ஊசி போட்ட இடம் என்று நினைத்துக்கொண்டேன். என்ன நினைக்க வசதியாக இருக்கிறதோ அதைக் கண் முதலில் எடுத்துக்கொடுத்துவிடுகிறது.

ராமாத்தாள் என்னைப் பார்த்து உதட்டைக் கூட்டினார். "அ... அவ... எ... எங்க?"

"இதோ, பூங்கோதை இங்கதான் நிக்கறாங்க," என்றேன்.

"என்னைக் கேக்கலீங்க மேடம்," என்றாள் பூங்கோதை. "ஆறு மணியானா ஃபோனையே பாத்துட்டுக் கெடக்கறாங்க. சோறு எறங்க மாட்டேங்குது. அவளை எங்க ஒளிச்சு வெச்சேன்னு என்னைக் கேக்கறாங்க."

"அந்தக் குரல் உங்களோடதுதானே," என்றேன், செருப்பை மாட்டியபடி. "பக்கத்து ரூம்ல இருந்து நீங்களே ஃபோன் பண்ணிப் பேசுங்களேன்."

கிண்டலாகச் சொன்னேனா, அக்கறையாகச் சொன்னேனா என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

மேல்முறையீட்டுக்கு வக்காலத்தில் கையெழுத்து வாங்க ஒரு சாயங்காலம் மறுபடி போனேன். கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே போய்க் கூடத்தில் நின்றேன். வலப்பக்கம் அம்மாவின் அறை, இடப்பக்கம் திரைச்சீலைக்கு அப்பால் சமையலறை. சமையலறையிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"அவசரமில்லம்மா, மெதுவாச் சொல்லு."

அழிக்கவில்லையா என்று ஒரு கணம் பதறிப்போனேன். அப்புறம் குக்கர் விசில் அடித்தது, யாரோ அடுப்பைக் குறைத்தார்கள்.

"எ... எங்க... போ... போயிட்ட கண்ணு?" இது அறையிலிருந்து வந்தது.

"இங்கதான் இருந்தேன். சாப்டியா?"

"அ... அவ..."

"யாரு, உன் மகளா?"

"கி... கிள்... கிள்ளறா."

பதில் வர நேரமானது, ஆனால் குரல் மாறவில்லை. அதே கனிவோடு வந்தது.

"எங்க கிள்ளறா?"

"தொ... தொடை. தி... திருப்பிப் போடறப்ப. மொ... மொனகினா."

"வலிக்குதா?"

"ம்."

"கஷ்டமாத்தான் இருக்கும். அப்புறம்?"

"அ... அவகிட்ட... சொ... சொல்லிராத."

"சொல்ல மாட்டேன்."

ராமாத்தாள் ஒவ்வொரு சொல்லையும் முடிக்கும்வரை மகள் காத்திருந்தாள். ஒரு சொல்லைக்கூட அவசரப்பட்டு எடுத்துக்கொடுக்கவில்லை. கேட்பதற்கு அவ்வளவு அழகாக இருந்தது. பிள்ளைகள் ஏன் அவளிடம் வருகிறார்கள் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

திரைச்சீலை விலகியது. கையில் ஃபோனோடு பூங்கோதை நின்றாள். முந்தானையில் மாவு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் பயம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் களைத்திருந்தது, அவ்வளவுதான்.

"வந்து ரொம்ப நேரமாச்சுங்களா மேடம்?"

"இப்பத்தான்."

"ஏதாச்சும் கேட்டுச்சுங்களா?"

கூண்டிலிருந்து பேசிய அதே குரலில்தான் கேட்டாள். அவசரமில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

என் பையில் வக்காலத்து இருந்தது. மனுப் போட்ட மகளே கிள்ளுகிறாள் என்று தெரிந்தால் தீர்ப்பு ஒரு வாரம் நிற்காது. நாச்சிமுத்து உயர்நீதிமன்றத்திலும் ஜோக் அடிப்பார். என்னிடம் காத்திருக்கிற அத்தனை குடும்பங்களுக்கும் கதவு சாத்திவிடும். இதெல்லாம் உண்மை. பத்திரிகையில் வந்த அந்த வரிக்குக் கீழே என் பெயர் இருந்ததும் உண்மை. எந்த உண்மை முந்திக்கொண்டது என்று நான் யோசிப்பதற்குள் என் வாய் பேசிவிட்டது.

"ஒண்ணும் கேக்கலையே."

அரை மூச்சு தாமதித்து அம்மாவின் அறையிலிருந்து என் குரல் வந்தது. 'ஒண்ணும் கேக்கலையே.'

இருவரும் பூங்கோதையின் கையைப் பார்த்தோம். அவள் அழைப்பைத் துண்டித்திருக்கவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் ஃபோன் ஒலிபெருக்கியில் இருந்தது.

அறையில் கட்டில் ஒருமுறை முனகியது. பிறகு ராமாத்தாள் பேசினார். ஃபோனில் இல்லை, கதவைப் பார்த்து, வந்திருக்கிற ஆளுக்குக் கேட்கவேண்டும் என்று உரக்கப் பேசினார். ஓர் எழுத்துகூடத் திக்கவில்லை.

"ஒரு கொறையும் இல்லீங்க."